மிட்டாதார் குதிரைக்கு ஆகாத தீனி

போன வாரம் எங்கள் ஊருக்கு ஜமீன்தார் மாதிரியான மிட்டாதார் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமான காலைக் காப்பிக்குத்தான். சர்க்கரைக்கு ஊரே அல்லாடுகிற இந்த யுத்த காலத்திலும் அங்கே காப்பி இனிப்பாகவே இருக்கிறது! லாயத்தில் குதிரை பளபளவென்று நின்றது. வாசலில் வத்தல்மலைப் பொன்னன் முகம் வாடி நின்றான்.

இந்த இருவரின் கதையையும் சொல்லாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது.

பெட்ரோல் கிடைக்காமல் மிட்டாதாரின் மோட்டார் கொட்டகைக்குள் போனது. குதிரை வெளியே வந்தது. கொஞ்ச நாளில், ஒரு காலையில் பார்த்தால் அதன் உடம்பெல்லாம் அப்பளம் பொரிந்தாற்போலத் தடிப்புத் தடிப்பாக... சேணம் பட்டாலே துள்ளுகிறது. மிட்டாதார் கடைவீதியில் நடந்து போவதா? மிட்டாவின் மானம் என்ன ஆவது?

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "இது அலர்ஜிங்க. ஏதோ ஒரு தீனி இதுக்கு ஆகலை. ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. எதை நிறுத்தினா தடிப்பு அமுங்குதோ, அதான் ஆகாத தீனி" என்றார்.

நல்ல யோசனைதான். ஆனால் எதை முதலில் நிறுத்துவது? அதை அவர் சொல்லவில்லை. மிட்டாதாரின் ஏஜெண்டு சொன்னார்.

"மொதல்ல அந்த மலைக்காரன் தாளை நிறுத்துங்க. காட்டுல என்ன பூண்டு கலந்து வருதோ!"

வாரா வாரம் மலையிலிருந்து சாமைத் தாளை, அதாவது கதிர் அறுத்த வைக்கோலை, கட்டுக்கட்டாக இறக்கிக்கொண்டு வருபவன் பொன்னன். அவன் வீட்டுக்கு உப்பும் துணியும் வாங்க அது ஒன்றுதான் வழி. நிறுத்தினார்கள். தடிப்பு அமுங்கவில்லை. அடுத்து, குத்தகைக்காரர் கொடுக்கும் கேழ்வரகுத் தாள். ஊஹூம். அடுத்து, மண்டிக்காரர் அனுப்பும் கொள்ளு. மண்டிக்காரர் சும்மா இருப்பாரா? நேரில் வந்து ஒரு சத்தம் போட்டார் — கொள்ளு மறுநாளே திரும்பியது. குத்தகைக்காரர் கெஞ்சினார், அவர் தாளும் திரும்பியது. பொன்னனுக்குச் சத்தம் போட ஏது தைரியம்?

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. குதிரைமசால் என்கிற பசுந்தீனி.

அது மிட்டாதாரின் சொந்த விளைச்சல். பங்களூரிலிருந்து விதை வரவழைத்துக் கிணற்றடித் தோட்டத்தில் போட்டிருக்கிறார். யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுவார். புகழாமல் திரும்ப முடியாது. நானும் புகழ்ந்திருக்கிறேன் — காப்பிக்கு முன்பும் பின்பும்.

நிறுத்திய தீனிக்கெல்லாம் ஈடாக அந்த மசாலைத்தான் கூட்டிப் போட்டார்கள். தடிப்பும் கூடியது! "பாத்தீங்களா... மசால் மட்டும் இல்லாட்டி இன்னும் மோசமாயிருக்கும்" என்றார் ஏஜெண்டு.

இந்தச் சமயத்தில் அரூர் சம்பந்தி வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகக் குதிரையைச் சில நாள் முன்பே அனுப்பி வைத்தார்கள். அங்கே சாமைத் தாள், கொள்ளு என்று கிடைத்ததையெல்லாம் தின்றது. மசால் மட்டும் கிடையாது. உடம்பு கண்ணாடி மாதிரி ஆகித் திரும்பியது. வந்ததும் ஒரு கூடை மசால் போட்டார்கள். விடிந்தால் மறுபடி அப்பளம்!

லாயக்காரனுக்குப் புரிந்தது. டாக்டருக்குப் புரிந்தது. எனக்கும் புரிந்தது. யார் சொல்வது? டாக்டர் வானத்தைப் பார்த்தபடி, "இந்த ஊர் சீதோஷ்ணம் இருக்குதுங்களே..." என்று இழுத்தார். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஏஜெண்டுதான் வழி கண்டுபிடித்தார். "எசமாங்க, நம்ம மசால்ல சத்து அப்படிங்க. அதைத் தாங்கற யோக்கியதை இந்தக் குதிரைக்கு இல்லீங்க!"

மிட்டாதார் முகம் மலர்ந்தது. மசால் நின்றது. தடிப்பு அமுங்கியது. அகப்பட்டுக்கொண்ட பிறகு மசாலின் புகழ் இரட்டிப்பானதுதான் வேடிக்கை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் பொன்னன் வந்து நின்றான்.

"நம்ம தாளு மேல தப்பில்லேன்னு ஆயிப்போச்சுங்களே... மறுபடி கொண்டாரட்டுங்களா? வூட்டுல உப்புக்குக்கூட வழியில்லீங்க."

"தப்புன்னு யாரு சொன்னா?" என்றார் ஏஜெண்டு. "குதிரைக்கு இப்பத்தான் ஒடம்பு தேவலை. சந்தேகப்பட்ட சரக்கை மறுபடி எதுக்குப் போட்டுக்கிட்டு? போய்ட்டு வா."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே காப்பியும் வந்தது. குடித்தேன்.

வெளியே வந்தபோது பொன்னன் என்னிடம் கேட்டான்: "அந்தக் குதிரைக்குப் பேச வாயிருந்தா எனக்கு இந்தக் கதி வருமாங்க, ஐயா?"

வாயிருந்த நாங்கள் அத்தனை பேரும் மூடிக்கொண்டிருந்தோம்... அது மட்டும் பேசிவிடுமா? அதுவும் அந்த வீட்டுத் தீனிதானே தின்கிறது, பொன்னா!