அம்புக்கு எதிர்ப்பக்கம்

பணி ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இன்னமும் காலையில் காப்பி குடிக்கும் முன்னால் செல்போனில் கடல் நிலவரத்தைப் பார்த்துவிடுகிறேன். "நீ என்ன வலை வீசவா போகப்போறே?" என்று என் கணவர் கேலி செய்வார். அலை, காற்று, நீரோட்டம் மூன்றும் படமாக வரும். நீரோட்டத்தின் அம்பை மட்டும் இரண்டு தடவை பார்ப்பேன். அந்த அம்புக்கும் எனக்கும் ஒரு பழைய விவகாரம் உண்டு.

தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர்க்காரி நான். மீன் வாசனை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் வீட்டில் பிறந்துவிட்டு, அரசாங்கத்தின் கடல் ஆராய்ச்சியில் கணிப்பொறிப் பிரிவில் போய்ச் சேர்ந்தேன். எங்கள் முதல் கணிப்பொறி பீரோ அளவு இருக்கும். ஏசி அதற்குத்தான், எங்களுக்கு இல்லை. சித்திரை மாதத்தில் அந்த அறையில் வேலை பார்க்க அடித்துக்கொள்வோம். நிரலில் யார் எந்த வரியை எழுதினாலும் பக்கத்தில் தன் முதலெழுத்துகளைப் போட வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அதைக் கொண்டுவந்தவளே நான்தான். தப்பு செய்தவர் தப்பிக்கக் கூடாதாம்! அந்தக் குளிரையும், பிரிண்டரின் கரகரப்பையும், எங்கள் திமிரையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

பல வருடம் கழித்து முன்னறிவிப்புத் திட்டம் முழுவதும் என் பொறுப்பில் வந்தது. தூத்துக்குடிப் பக்கம் தருவைகுளத்தில், மீன் ஏலக்கூடத்தில், நீரோட்டத்தை அம்பாகக் காட்டும் ஒரு திரை வைத்தோம். மீனவர்களுக்கு அப்போதைய நீரோட்டத்தை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மத்தியானத்துக்கு மேல் அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டுக்கு அங்கே ‘பார்’ என்று பெயர். ஒரு காலத்தில் முத்துக் குளித்த பார்கள் அவை. வலை மிதந்து போய் அதில் மாட்டினால் கிழிந்துவிடும்.

திரை வைத்து ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் அங்கே போயிருந்தேன். திரையில் அம்பு தெற்கே பார்த்தது. கடலிலோ வலையின் மிதவைகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற படகுக்காரரிடம், "அண்ணாச்சி, அம்பு சரியா காட்டுதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நல்லாக் காட்டுது மேடம். நீங்க எதிர்ப்பக்கமாத்தான அம்பு போடுதீய? தொடக்கத்துல குழம்பிட்டோம். பொறவு திருப்பிப் படிச்சிக்கிட்டோம். ஒரு நாளும் தப்புனதில்ல."

"ஆமா, அப்படித்தான்" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஆடித் தீர்த்தேன். "ஒருத்தருக்கும் திசை தெரியாதா? கோயில் பிரகாரம் சுத்தறவாளுக்குக்கூடத் தெரியுமே!" படம் வரையும் நிரலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் தன் திரையை என் பக்கம் திருப்பினாள். தவறான வரியின் அருகில் இருந்தவை என் முதலெழுத்துகள்.

எங்கள் துறையில் காற்றை அது வரும் திசையை வைத்துச் சொல்வோம். நீரோட்டத்தை அது போகும் திசையை வைத்துச் சொல்வோம். காற்றுக்கு அம்பு வரையும்போது திசையைத் திருப்ப வேண்டும். நீரோட்டத்துக்கும் அதே வரியைப் பயன்படுத்தி அதையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறேன், இருபது வருடத்துக்கு முன்னால். அதுவரை எண்களாகவே கொடுத்துவந்தோம்; அம்பாக வெளியே போனது இந்தத் திரையில்தான். எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் காதைத் திருகிக் கேட்கும் கேள்வி அது.

அன்று மாலையே வரியைத் திருத்தினேன். யாருக்கும் நஷ்டமில்லையே, ஏன் ஊரைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பெண் மட்டும், "ஊர்ல சொல்லிட வேண்டாமா மேடம்?" என்று கேட்டாள். "உன் வேலையைப் பார்" என்றேன்.

இரண்டாம் நாள் அதே படகுக்காரர் போன் செய்தார். "மேடம், மிஷினுக்கு என்னமும் ஆயிட்டா? நேத்து எப்பவும்போல அம்புக்கு எதிர்ப்பக்கமா வலைய விட்டேன். ரெண்டு வலை பார்ல மாட்டிக் கிழிஞ்சிட்டு."

மிஷின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம். எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேர்ல வரேன் அண்ணாச்சி" என்று போனை வைத்தேன். அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டேன்.

ஏலக்கூடத்தில் பத்திருபது பேர் இருந்தார்கள். ஐந்து மாதமாக அம்பு தலைகீழாக இருந்ததையும், அது என் தவறு என்பதையும், சொல்லாமல் திருத்தியதையும், தெரிந்தே பொய் சொன்னதையும் சொன்னேன். படகுக்காரர் கிழிந்த வலையைக் கீழே வைத்தார்.

"தப்பா இருந்தப்பவே எங்களுக்குச் சரியாத்தான் இருந்துச்சி மேடம். சரி பண்ணுனதுக்குப் பொறவு ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா வலை இருந்திருக்கும்லா?"

அவர் மீன் வரத்து எழுதும் கரும்பலகையைத் துடைத்து சாக்பீஸை நீட்டினார். "இனிமே அம்பு காட்டும் பக்கமே நீரோட்டம்" என்று எழுதினேன். "கீழ யாருன்னு போடுங்க" என்றார். நிரலில் போட்ட அதே முதலெழுத்துகளைப் போட்டேன்.

அவர் அதை உரக்க வாசித்துவிட்டு, "அப்போ நாளைக்கு மத்தியானத்துக்கு மேல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வடக்கே, அண்ணாச்சி."

"அம்புப் பக்கந்தான?"

"அம்புப் பக்கந்தான்."

மறுநாள், மிச்சமிருந்த ஒரே வலையை என் பேச்சை நம்பிக் கடலில் விட்டார். அவர் படகு கரைக்கு வரும்வரை நான் ஏலக்கூடத்தை விட்டு அசையவில்லை. வலை முழுசாகத் திரும்பியது. நான் அழுதுவிட்டேன். எவ்வளவு மீன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.