லண்டன் தூரத்து நோன்பு

கண்டிப் பக்கத்து அலவத்துகொட றலியா எடுத்த காரியத்தை இடையில் விட்டதாக ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். முப்பது வருடமாக நோன்பு மாதத்தில் தன் வீதிக்கே கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர் அவர். பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றினால் இறக்கும்வரை அகப்பை ஓயாது. கணவர் பாரூக் சீனி வருத்தக்காரர். நோன்பு பிடிக்க டொக்டர் விடவில்லை. வாய்க்கும் பாரூக் ஒருநாளும் ஓய்வு கொடுத்ததில்லை.

“அகப்பையப் பிடிச்சிக்கொண்டு நிக்கிறதும் ஒரு வேலையா?” என்பார்.

போன வருடம் நோன்பில்தான் லண்டனில் மகள் நுஹாவுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. இருவரும் புறப்பட்டார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். பதினொரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பகல் ஒரு மணிக்கு விமானம்.

“பயணிக்குச் சலுகை ஈக்கி. அண்டைக்கி நோன்ப விட்டுட்டு பிறகு பிடி,” என்றார் பாரூக்.

“என்னத்துக்கு? ஆறரைக்கி நடுவானத்துல நோன்பத் திறந்தாப் போச்சி.”

“உனக்கு ஏலாது. பாதி தூரத்துல தண்ணி கேப்பாய்.”

“கேக்காட்டி?”

“வாற நோன்புக்கு முழு மாசமும் கஞ்சி நான் காச்சிறேன்!”

றலியாவின் கைக்கடிகாரம் ஆறரை காட்டியதும் பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்தார். ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார். வெளியே சுள்ளென்று வெயில்.

விமானம் மேற்கே, சூரியன் போகும் பக்கமாகவே பறந்துகொண்டிருந்தது. கூட்டிய கணக்கு சரிதான். சூரியனை மட்டும் அவர் கண்டியிலேயே விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்திருந்தார்.

பாரூக்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “ஊர்ல எல்லாரும் கஞ்சி குடிச்சிட்டாங்க. நீ சூரியனுக்குப் பின்னால ஓடு!”

பொட்டலம் திரும்பவும் பைக்குள் போனது. சாப்பாடு வந்தது, பிறகு தருமாறு சைகை காட்டினார். பக்கத்தில் பாரூக் கோழிக்கறியை ரசித்து ரசித்துச் சாப்பிட்டார். முன்னால் இருந்த திரையில் மிச்சத் தூரம் நாலாயிரமானது, மூவாயிரமானது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒருதரம் கை தானாகத் தண்ணீர்ப் போத்தலுக்குப் போய், மூடியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

பாரூக் அதைக் கண்டார். இந்தமுறை சிரிக்கவில்லை. “குடி றலியா. நான் ஒத்தருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சும்மா இருங்க, நுஹாட வாப்பா.”

இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே ஊர்களில் விளக்குகள் எரிந்தன. “பாரு, இருட்டிட்டு. திற!”

“கீழ ஈக்கிறவங்களுக்கு இருட்டு. என்ட கண்ணுக்குச் சூரியன் தெரியுது.”

செம்பிழம்பு இறக்கைக்கு அப்பால் அரையானது, கீற்றானது, மறைந்தது. கண்டி நேரம் இரவு பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. போத்தல் மூடியைத் திறந்து நீட்டியவர் பாரூக்தான். பழத்தை வாயில் வைத்தபோது றலியாவின் முகத்தில் பெருநாள் களை.

விமான நிலையத்தில் மருமகனைக் கண்டதும், சலாம் சொன்ன கையோடு, “நோன்போடதான் மகன் வந்தேன்!” என்றார்.

இந்த வருடம் அலவத்துகொடயில் கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவர் பாரூக். வேர்வை வடிய, “இன்னும் எவ்வளவு நேரம் கிண்டணும்?” என்று கேட்டார்.

கதிரையில் சாய்ந்திருந்த றலியா பேரப்பிள்ளையின் படத்திலிருந்து கண் எடுக்காமலே சொன்னார்: “கிண்டுங்க, கிண்டுங்க. இப்பதான் கட்டுநாயக்க தாண்டியிருக்கு.”