பூக்காத கிளெமாட்டிஸும் நான் எழுதிய பொய்யும்

ஈரப்பாசியின் மணம்தான் முதலில் வந்தது. பிறகுதான் அவர் பையிலிருந்து அந்தப் பால்மா டின்னை வெளியே எடுத்தார். உள்ளே கறுத்த மண், மேலே பாசி, நடுவில் ஈர்க்குக் கனத்தில் ஒரு தண்டு. நாலே நாலு இலை.

"இதென்ன?" என்றேன்.

"கிளெமாட்டிஸ். ஊதா நிறம். உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும்," என்றார் என் கணவர்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்முனையில் ஒரு பாடசாலையில் டீச்சர் வேலை. அவருக்கு நுவரெலியாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் பக்க வழக்கப்படி அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. ஆனால் வீட்டில் இருப்பது மாதத்தில் இரண்டு நாள்தான். பதுளையில் பஸ் மாறி வருவார், கால் வீக்கம் வற்றுமுன் திரும்பிப் போவார். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா வேலி முழுக்க அந்தக் கொடியைப் படரவிட்டிருந்தாராம். அவரிடம் கேட்டு வாங்கி வந்தது.

உம்மா டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குளிருக்க கிடந்தத கொண்டு வந்து இந்த மணலுக்க வெச்சா என்னத்துக்காகும்?" என்றார்.

எனக்கும் தெரியும். சூறாவளி எங்கள் வளவிலிருந்த தென்னைகளை எல்லாம் சாய்த்துவிட்டுப் போயிருந்த காலம். புதிதாக வைத்த கன்றுகள் இடுப்பளவுதான் நின்றன. நிழல் என்று சொல்லக் கிணற்றடியில் ஒரு முருங்கை.

தலையில் வெயில் வேண்டும், காலில் குளிர் வேண்டும்... கொடியைப் பற்றி அந்த அம்மா சொல்லிவிட்டது அவ்வளவுதான். கிணற்றடி வேலியோரம் முழங்கை ஆழம் தோண்டி மணலை அள்ளி எறிந்தேன். வயல் மண்ணும் காய்ந்த மாட்டெருவும் போட்டு நிரப்பினேன். வேரைச் சுற்றித் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் கவிழ்த்து, மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகளை அடுக்கினேன். அனலடிக்கும் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் ஒரு தென்னோலைக் கிடுகை மறைப்பாகக் கட்டினேன்.

அது படர்ந்தது. நான் கட்டிவிட்ட கயிற்றை இலைக்காம்பே சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்றைக்குப் புதிதாக எது எங்கே பிடித்திருக்கிறது என்று பார்ப்பேன். வேலி உயரத்துக்கு வந்துவிட்டது.

மொட்டு மட்டும் வைக்கவில்லை.

அவருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே கேள்வியோடு முடியும். "கொடி பூத்ததா?" ஊருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். "அடுத்த மாதம் கிடைத்துவிடும்" என்று எழுதுவார். அடுத்த மாதமும் அதையே எழுதுவார். இரண்டாவது வருஷம் கடிதங்கள் சுருங்கின. தொடர்ந்து மூன்று மாதம் ஊருக்கே வரவில்லை. ஒரு கடிதத்தில், "இங்கே குளிர் தாங்க முடியவில்லை" என்று ஒற்றை வரி. அதன் கீழே அந்தக் கேள்வி.

நான் பதில் எழுதினேன். "பூத்துவிட்டது. மூன்று பூ. ஊதாதான்."

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தால் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவருக்கு ஒரு நல்ல செய்தி அனுப்ப வேண்டும் போலிருந்தது. என்னிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து, லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பையைக்கூட வைக்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். நான் மீன் கழுவிய கையோடு பின்னால் போனேன்.

"பூ எங்க புள்ள?"

"உதிர்ந்திட்டு."

அவர் குந்தியிருந்து ஒவ்வொரு கணுவாகப் பார்த்தார்.

"பூ உதிர்ந்தா காம்பில பஞ்சு மாதிரி ஒண்டு நிக்கும். அங்க நான் பாத்திரிக்கன். இதில ஒண்டுமில்லையே."

நான் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பூக்கல்ல. இதுவரைக்கும் ஒண்டும் பூக்கல்ல. நீங்க தனியக் கிடந்து கவலப்படுறீங்களே எண்டுதான் அப்பிடி எழுதின."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பவில்லை. சரிந்திருந்த ஓட்டுத் துண்டொன்றை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் பொய்தான் எழுதின," என்றார். "மாத்தம் இல்ல எண்டு மூணு மாசத்துக்கு முந்தியே கடிதம் வந்திட்டு. இன்னும் அஞ்சு வருஷம் அங்கதானாம். உங்கிட்ட எப்பிடிச் சொல்ற எண்டு தெரியாமத்தான் ஊருக்கும் வரல்ல."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிந்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

"அப்ப நான் வாறன்," என்றேன்.

"எங்க?"

"நீங்க இரிக்கிற இடத்துக்கு. அங்கயும் பள்ளிக்கூடம் இரிக்கும்தானே."

உம்மாவுக்கு அது பெரிய அடி. சீதனமாகக் கொடுத்த வீட்டை விட்டுவிட்டுப் பெண்பிள்ளை மாப்பிள்ளை பின்னால் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

"உனக்கெண்டு கட்டின வீடு இது. நீ போனா நான் ஆருக்குச் சோறாக்கிற?" என்று கேட்டார். அடுத்த நாளே நான் மாற்றம் கேட்டு எழுதிப் போட்டேன்.

எனக்கு மாற்றம் கிடைக்க எட்டு மாதமானது. அந்த எட்டு மாதமும் உம்மா அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. புறப்படுகிற நாள் காலையில் என் உடுப்புகளை அவராகவே மடித்துப் பெட்டியில் வைத்தார். "கழுத்த மூடிக்கொண்டு திரி, சளி புடிக்கும்," என்றார். அவ்வளவுதான்.

நுவரெலியாவில் போய் இறங்கியபோது அந்த வீட்டு வேலியில் கிளெமாட்டிஸ் பூத்துக் கொட்டிக் கிடந்தது. அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதாகத் தெரியவில்லை. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இனி இவரை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம் என்பதுதான் மனதில் இருந்தது.

அந்த வருஷக் கச்சானில் கல்முனைக் கொடி கருகிப்போனது. அதைச் சொல்லி உம்மா ஆளைப் பிடித்துக் கடிதம் எழுதுவித்திருந்தார். நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்.

இப்போது அதே வளவில் என் இளைய மகள் இருக்கிறாள். மருமகன் கத்தாரில். தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடியோ கோல் வரும். சோறு, கறி, பிள்ளை காலில் போட்டிருக்கிற புதுச் சப்பாத்து... எல்லாவற்றையும் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் இப்படியொன்று இருந்திருந்தால் எங்கள் இரண்டு பொய்யும் ஒரு கிழமைகூட நின்றிருக்காது. நான் மலைநாட்டுக்கும் போயிருக்க மாட்டேனோ என்னவோ...

நேற்று மருமகன் கொஞ்சம் மெலிந்து தெரிந்தார்.

"வேலையெல்லாம் எப்பிடி மகன்?" என்று கேட்டேன்.

"நல்லம் மாமி. ஒரு குறையுமில்ல."

மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார். கோல் முடிந்த பிறகு மகள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள். இரண்டு தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் இருந்தேன்.