முகம் தெரியாத காதுகுத்து

அன்னவாசலில் ஒரு ஸ்டுடியோவில் வீடியோ எடிட் செய்கிறேன். பெரிய வீடியோக்களைத் திறந்தால் எங்கள் பழைய கம்ப்யூட்டர் திணறும். அதனால் ஒவ்வொன்றுக்கும் பிராக்ஸி என்று ஒரு சின்ன நகல் எடுத்து, அதை வைத்தே வெட்டி ஒட்டுவோம். கடைசியில் கம்ப்யூட்டர் நகலை விட்டுவிட்டு ஒரிஜினலிலிருந்து தெளிவான படம் தரும்.

எங்கள் தெரு செல்வி அக்கா மகளின் காதுகுத்து வீடியோ வேலையின்போது ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது. ஒரிஜினலும் நகலும் இருந்த இரண்டு ஃபோல்டர்களிலும் ஒரே பெயர்கள். திரையில்தான் எல்லாம் ஓடுகிறதே, இன்னொன்று எதற்கு என்று, அதிக இடம் பிடித்திருந்த ஃபோல்டரை அழித்தேன். முடித்த வீடியோவை டிவியில் போட்டால், தாய்மாமன் மடியிலிருந்த குழந்தையின் முகமே மங்கலில் தெரியவில்லை. குழப்பத்தில் முடித்த வீடியோவை மூன்று முறை திரும்ப உருவாக்கிப் பார்த்த பிறகுதான் நான் அழித்தது எதை என்று உறைத்தது. கேமரா கார்டிலும் அதற்குள் இதை அழித்துவிட்டு ஒரு கல்யாண வீடியோ ஏறியிருந்தது.

அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன். “ஒரிஜினல அழிச்சுட்டேன்க்கா. இனி இவ்வளவுதான் தெரியும்.”

அவர் திட்டவில்லை. முழுவதும் பார்த்தார். பாப்பா வீறிட்ட இடத்தில் சிரித்தார்.

“விடு தங்கச்சி. என் போனுக்கு அனுப்பு, சவுதியில இருக்க இவ அப்பாவுக்குத்தான். இவ பொறந்ததுலேருந்து அவரு போன்லதான் பாக்குறாரு, இதவிட மங்கலா.”

மன்னித்தாரா, மனக்குறையைச் சொன்னாரா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எந்த ஃபோல்டரை அழிக்கப் போனாலும், இன்னும் ஒரிஜினலைப் பார்க்காத அந்த அப்பாவின் நினைவு வந்து கை நின்றுவிடுகிறது.