யாரும் அடிக்காத பந்து

அமெரிக்காவில் வேலை பார்த்த என் அண்ணன் அங்கே போய்ப் பழகிக்கொண்ட கெட்ட பழக்கம் கோல்ஃப் ஒன்றுதான். சிகரெட் பிடித்திருந்தாலாவது அம்மாவுக்குப் புரிந்திருக்கும். செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். வீட்டுக்குள்ளேயே கோல்ஃப் ஆடும் இயந்திரம் ஒன்றைக் கப்பலில் ஏற்றிவிட்டதாகவும், அடுத்த லீவில் வந்து அப்பாவுக்கு ஆடக் கற்றுத்தரப் போவதாகவும் சொன்னான். கொடைக்கானலில் பெரிய மனிதர்கள் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, எங்களுக்கும் அந்த ஆட்டத்துக்கும் இருந்த உறவு. அப்பாவை வைத்து நாங்கள் நாள் முழுக்கச் சிரித்தோம்.

கப்பல் வருவதற்குள் அவனே சவப்பெட்டியில் வந்துவிட்டான். கார் விபத்து. அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த பிறகு, தூத்துக்குடியிலிருந்து ஒரு லாரி வந்து வாசலில் நின்றது. அட்டைப்பெட்டிகளின் மேல் அவன் கையெழுத்தில் எங்கள் விலாசம்.

எனக்கு அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடத் தோன்றியது. அப்பா கேட்கவில்லை. பிள்ளை அனுப்பியதை மாட்டியே தீர வேண்டும் என்றார். அடக்கத்துக்குப் பிறகு அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று அப்பாவும் நானும் பயந்துகொண்டிருந்தோம், வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர.

பேகம்பூர் பக்கம் இருந்த எங்கள் வீடு ஒரு காலத்தில் தோல் அடுக்கிவைக்கும் கிட்டங்கி. வியாபாரத்தை விட்ட பிறகு அப்பா தடுப்புச் சுவர் எழுப்பி வீடாக்கியிருந்தார். முன்கூடம் மட்டும் பழையபடியே மூன்று ஆள் உயரம். மழை பெய்தால் சுவரிலிருந்து தோல் வாடை வரும். இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை நான்தான் படித்துச் சொன்னேன். பந்தைக் கவனிக்கிற கேமரா தரைக்குப் பத்தடி மேலே, கொஞ்சமும் அசையாமல் இருக்க வேண்டுமாம். கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஃபேன் மாட்டிப் பழகிய எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டோம். அவர் நீளமான ஃபேன் கம்பி ஒன்றை எடுத்து, உத்தரத்துக் கொக்கியில் ஃபேனைத் தொங்கவிடுவது போலவே கேமராவையும் தொங்கவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு பொருளைத் தொங்கவிட எங்கள் யாருக்கும் வேறு வழி தெரியாது.

எதிரே வெள்ளைத் திரை. சுவிட்சைப் போட்டதும் அந்தக் கிட்டங்கிக்குள் பச்சைப் புல்வெளி விரிந்தது. அப்பா பெட்டியில் வந்த பாயை விரித்து, அதில் பந்தை வைத்தார். மட்டையைத் தொட மனம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புழுக்கம் தாங்கவில்லை. பக்கத்துக் கொக்கியில் தொங்கிய ஃபேனைப் போட்டேன்.

சிறிது நேரத்தில் 'டக்' என்றது. பாயில் இருந்த பந்து பாயிலேயே இருந்தது. மட்டை சுவரில் சாய்ந்திருந்தது. திரையில் மட்டும் ஒரு பந்து எழும்பிப் பறந்து, புல்லில் விழுந்து உருண்டது.

அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"அவந்தான்" என்றாள்.

அன்றைக்குச் சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள். அதன்பின் தினமும் சாயங்காலம் தலை சீவி, முகம் கழுவிக்கொண்டு அந்தத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். எனக்கோ பட்டப்பகலில்கூட அந்தக் கூடத்தைத் தாண்டப் பயம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது உள்ளே அந்தச் சத்தம் கேட்டால், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிடுவேன். ஆடத் தெரியாத வீட்டில் அவன் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நானும் பாதி நம்பினேன்.

ஒரு விடுமுறை நாளில் தற்செயலாக மேலே பார்த்தேன். ஃபேன் காற்றில் கம்பி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கேமரா அசைய, பந்துதான் நகர்ந்தது என்று இயந்திரம் நினைத்து, அடித்த சத்தத்தையும் தானே போட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்த பிறகும் எங்களை இப்படி ஏமாற்றுகிறானே என்று அவன் மேலேயே கோபப்பட்டேன். அப்பா வேண்டாம் என்று தயங்கியும் கேளாமல், கம்பியை இரும்புப் பட்டை வைத்து இறுக்கச் சொல்லி எலக்ட்ரீசியனை வரவழைத்தேன்.

அவர் ஏணியில் பாதி ஏறியபோது அம்மா வந்தாள். எதற்கு ஏணி என்று கேட்டாள். கம்பி ஆடுவதால்தான் பந்து பறக்கிறது, வேறு யாரும் இங்கே இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை.

"தெரியும்டி. தெனமும் ஃபேனைப் போடுறதே நாந்தான? செத்த நேரம் அவன் வீட்ல இருக்குற மாதிரி இருக்கு. அம்புட்டுதான். இருந்துட்டுப் போகட்டுமே."

எலக்ட்ரீசியன் யாரும் சொல்லாமலேயே இறங்கி, ஏணியை மடக்கிக்கொண்டு போனார். அம்மா ஃபேனைப் போட்டுவிட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வெகுநேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. பந்து தாழ்வாகப் போய்ப் பக்கத்திலேயே விழுந்தது. திரையின் மூலையில் வந்த பொடி எழுத்து அம்மாவின் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எம்புட்டு தூரம் அடிச்சிருக்கான்?" என்று கேட்டாள்.

அறுபது கஜம் என்று போட்டிருந்தது. இருநூறு என்று சொன்னேன்.