கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மாரியம்மன் கோயில் மைதானத்தை அழகுபடுத்தினார்கள். அன்றிலிருந்து அழகு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

அதற்கு முன் அது வெறும் செம்மண் தரை. கோயம்புத்தூர் மில்லுகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கே காலை நீட்டி உட்காருவார்கள். இஸ்திரி வண்டி நிற்கும். பெண்கள் வேப்பமர நிழலில் கீரை ஆய்வார்கள். தெருவும் மைதானமும் ஒரே மட்டம். சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போன எனக்கு ஊரிலேயே பிடித்தது அந்த மட்டம்தான். நோம்பித் திருவிழா வந்தால் அம்மன் முன்னால் மூன்று கிளை விட்ட கம்பம் நடுவார்கள். தினமும் விடிகாலையில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவோம். எனக்கு ஒரு கக்கத்தில் ஊன்றுகட்டை, மறு கையில் சொம்பு. பாதித் தண்ணீர் வழியில் சிந்தினாலும் மீதியை என் கையால் ஊற்றிவிடுவேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். கம்பம் அப்படி இல்லை.

பழமையைக் காப்பாற்ற வேண்டும் என்றார்கள் கோயில் கமிட்டியார். வரைபடத்தில் இடுப்பு உயர மேடை, கருங்கல் தூண்கள், வழவழவென்று படிகள். ஓரமாக ஒரு சரிவும் வையுங்கள், எனக்கு மட்டுமில்லை, முட்டிவலிக்காரர்களுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் ஆகும் என்று கேட்டேன். தலைவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"டீச்சர் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். செஞ்சுபோடலாமுங்க."

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அந்தக் கும்பிட்டை நம்பினேன். மறுபடி போய்க் கேட்டபோதும் காபி கொடுத்தார்கள், கும்பிட்டார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் பூசாரியும் சிரித்த முகமாகக் கொடுத்துவிடுவார், வரம்தான் வந்து சேராது.

மேடை எழும்பியது. கல்லுக்கு நடுவே கம்பம் நட மறக்காமல் குழி விட்டிருந்தார்கள். சரிவு இல்லை.

நோம்பி வந்தது. மஞ்சள் தண்ணீர் வழிந்து படியெல்லாம் வழுக்கியது. பிடித்து ஏறக் கம்பிகூட இல்லை. கீழேயே நின்றேன். இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்து, உட்காருங்கள், தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு அம்மா படியிறங்கி வந்து என் தோளைத் தொட்டார்.

"சொம்ப இப்படிக் குடுங்க டீச்சர். உங்க பேரச் சொல்லி நானே ஊத்திப்போடறனுங்க."

கொடுத்துவிட்டேன். அவமானமாக இருந்தது. யாரோடு போய்ச் சண்டை போடுவது? அத்தனை பேரும் என்மேல் பிரியமாகத்தான் இருந்தார்கள்.

அடுத்த வருஷம் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவுமில்லை. விடிகாலையில் கதவைத் தட்டி, சொம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.