மிச்ச மருந்து

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண், தன் நெற்றிக்கு ஊசி போட்ட கதையை வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுருக்கமே தெரியாதாம். நாலு மாதத்துக்கு ஒரு தடவை போட்டால் போதுமாம். நோகாதாம், எறும்பு கடிக்கிற மாதிரியாம். பாதிச் சாப்பாட்டில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. நினைக்கட்டும். அந்த ஊசி எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லியிருந்தால் அவளும் கை கழுவப் போயிருப்பாள்.

அது சண்டை நின்றிருந்த, ஆனால் முடியாத காலம். சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் சொன்னார்கள். மன்னார்ப் பாலத்தடியில் ஆமியின் சென்றிக் காவலரண் அப்படியே இருந்தது, துவக்குகளும் அப்படியே இருந்தன. ஆனால் பாதை திறந்திருந்தது. வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண் பார்க்க வந்தவர்கள்.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா கடலோடு போனவர், திரும்பவில்லை. அம்மா நாங்கள் இடம்பெயர்ந்திருந்த முகாமில் காய்ச்சலில் போனாள். அதற்குப் பிறகு என்னை வளர்த்தது அக்காதான். வாடியில் விடியத்தொடக்கம் நின்று மீனைப் பிளந்து, உப்பிட்டு, மணலில் பாய் விரித்துக் காயப்போட்டு, திருப்பிப்போட்டு, காகம் கலைத்துக் கருவாடு விற்றாள். அந்தக் காசில் நான் படித்து ஒரு கந்தோரில் வேலைக்குப் போனேன். மணலில் பட்டுத் திரும்பும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவளுடைய புருவங்களுக்கு நடுவில் இரண்டு ஆழமான கோடுகள் விழுந்துவிட்டன. அவற்றுக்கு மேலே நெற்றிக்குக் குறுக்காகவும் மூன்று.

நான் என்ன செய்தேன்? இருபத்திநாலு வயதில் ஒருத்தரை விரும்பி, அக்காவுக்கு முந்திக் கலியாணம் கட்டினேன். "மூத்தது குமராய்க் கிடக்க இளையவள் கழுத்தில தாலி ஏறிட்டுது" என்று ஊர் கதைத்தது. அக்காவே முன்னுக்கு நின்று சமைத்துப் பரிமாறினாள். எனக்கு அது தொண்டையில் முள்ளுச் சிக்கின மாதிரிப் பல வருடம் கிடந்தது.

பிறகு ஒரு சம்பந்தம் வந்தது. விடத்தல்தீவு ஆள். கனடாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. வயது நாற்பத்தாறு. விசா, வழக்கு என்று இழுபட்டுக் கலியாணம் பிந்திப்போனவர். அவருடைய தமக்கை அக்காவின் படம் கேட்டா. அக்காவுக்கு அப்போது நாற்பத்தொன்று. நான் அனுப்பினது அவளுடைய இருபத்தெட்டாவது வயதில் மாதா கோயில் திருநாளில் எடுத்த படம். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணம் செய்யலாம் என்றுதானே சொல்லுகிறார்கள், நான் ஒன்றுதானே சொன்னேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

படம் போன பிறகு அவர் ஞாயிறு தோறும் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கொமினிகேசன் கடைக்கு ரெலிபோன் எடுப்பார். அக்கா கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று கதைப்பாள், நான் வெளியே வாங்கில் இருப்பேன். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும்.

"என்ன கதைச்சனீ?"

"சும்மா, ஊர்க் கதை."

தவக்காலத்தில் வந்து பெண் பார்த்து, உயிர்ப்புப் பெருநாள் பாஸ்கு முடியக் கலியாணம் என்று அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. படத்துப் பிள்ளையைத் தேடி வருகிற மனிசன் இந்த நெற்றியைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். நாற்பத்தொரு வயதில், பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன பெண் என்றால் எங்கள் ஊர் சும்மா விடுமா? சாகும்வரை சொல்லும். அக்காவுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அதை நான் அனுப்பின பொய்யே கெடுத்துவிடப் போகிறது என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சாள் வந்து சேர்ந்தாள். மாமாவின் மகள். கொழும்பில் பணக்காரப் பெண்கள் போகிற ஓர் அழகு நிலையத்தில் வேலை. நான் அழுதழுது கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கோ அழுறீங்கள்? ஒரு ஊசி, மச்சாள். ரெண்டு கிழமையில நெத்தி கண்ணாடி மாதிரி வந்திடும்."

அது என்ன மருந்து என்று கேட்டேன். கெட்டுப்போன இறைச்சியில், ரின்னில் அடைத்துப் பழுதான சாப்பாட்டில் உண்டாகிற கிருமியின் நஞ்சாம். கொஞ்சம் குத்தினால் தசைக்கு நரம்பு சொல்லுவது கேட்காதாம். தசை அசையாவிட்டால் தோல் சுருங்காதாம். சும்மா மோர் செய்கிற விதம் சொல்லுவதுபோலச் சொன்னாள். வெட்கக்கேடு, எனக்கு அப்போது அருவருக்கவில்லை. எப்போது கொண்டுவருவாய் என்றுதான் கேட்டேன்.

அடுத்த முறை அவள் பஸ்ஸில் ஒரு சுடுதண்ணிப் போத்தலுக்குள் ஐஸ் போட்டு அதைக் கொண்டுவந்தாள். வழியெல்லாம் சோதனை, இறக்கி ஏற்றி, வீட்டுக்கு வரும்போது ஐஸ் தண்ணீராகிவிட்டது. எங்களிடம் குளிர்ப்பெட்டி இல்லை. மீன் வைக்கிற றெஜிபோம் தக்கைப் பெட்டிதான் இருந்தது. சின்ன விரல் அளவு மருந்துப் புட்டியைப் பிளாஸ்ரிக் சொப்பின் பையில் சுற்றி இரண்டு பாரை மீனுக்கு நடுவில் ஐஸுக்குள் தாட்டு வைத்தோம். அக்காவின் அழகு அன்றிரவு அங்கேதான் கிடந்தது.

மறுநாள் எடுக்கும்போதுதான் பார்த்தேன். புட்டியின் மூடியில் ஊசி குத்தின ஓட்டைகள். மருந்தும் பாதிதான்.

"இதென்ன, பாவிச்சதோ?"

"அங்க ஒரு பெரிய இடத்து மனிசிக்கு டொக்டர் போட்ட மிச்சம். எறியிறதுதானே? நான் எடுத்து வைச்சனான்."

"நீ முந்தி ஆருக்கும் போட்டிருக்கிறியோ?"

"பக்கத்தில நிண்டு பார்க்கிறனான்தானே."

எவளோ ஒருத்தியின் நெற்றிக்குப் போட்டு மிஞ்சின நஞ்சு, மீன் வாடையோடு என் கையில் இருந்தது. தூ! அந்த இடத்திலேயே அதைக் கிணற்றடியில் போட்டு உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. யன்னல் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்து இருந்தாள். "கட்டாயம் வேணுமோ பிள்ளை?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"அவர் உன்னைப் பார்த்திட்டுத் திரும்பிப் போனால் நான் உயிரோட இருக்கமாட்டன்" என்றேன். இதையும் சொன்னவள் நான்தான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து இடத்தில் குத்தினாள் மச்சாள். ஒவ்வொரு இடத்திலும் தோல் பருப்பளவு வீங்கி, அதன் உச்சியில் ஒரு பொட்டு இரத்தம் வந்தது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஐஸ் தண்ணீர் சொட்டிய மேசையில் இலையான் மொய்த்தது.

"நாலு மணித்தியாலத்துக்குப் படுக்கக் கூடாது, நெத்தியைத் தேய்க்கக் கூடாது, குனியக் கூடாது" என்றாள் மச்சாள்.

"கோயிலுக்குப் போகலாமோ? இண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று அக்கா கேட்டாள்.

"ஓம், போங்கோ. வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ."

மச்சாள் கொழும்பில் இருந்து இருந்து எங்கள் கோயிலை மறந்துபோனாள். அங்கே சிலுவைப்பாதைக்கு ஒரு முழங்காலை மடக்கிவிட்டு எழும்புவார்களாம். எங்கள் ஊரில் ஒவ்வொரு தலத்திலும் முழங்காலில் விழுந்து, நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்து, நிலத்தை உதட்டால் முத்தி செய்வோம். யேசு சிலுவை சுமந்த வழிக்குப் பதினாலு தலம். ஊசி போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அக்கா பதினாலு தரம் அந்த நெற்றியைச் சீமெந்தில் அழுத்தினாள். பக்கத்தில் நானும் விழுந்து எழும்பினேன். அப்போதாவது என் மண்டைக்குள் ஏதாவது தட்டியிருக்க வேண்டாமா? ஒன்றும் தட்டவில்லை. கலியாணம் நடக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை அக்காவின் இடது கண்மடல் கீழே இறங்கிக் கிடந்தது. நெற்றி மழுமழு என்று இருந்தது. மச்சாள் சொன்னது அந்தளவில் சரி. ஆனால் மடல் பாதிக் கண்ணை மூடிவிட்டது. விரலால் தூக்கிவிட்டால் நிற்கும், விட்டால் விழும். கொமினிகேசனுக்கு ஓடிப்போய், கொழும்புக்குத் திரும்பியிருந்த மச்சாளுக்கு எடுத்தேன்.

"நான் குனிய வேண்டாமெண்டு சொன்னனான்தானே!" என்று அங்கிருந்து கத்தினாள். "ரெண்டு மூண்டு மாசத்தில தானாச் சரிவரும்."

மூன்று மாதம்! அவர் வர ஒன்பது நாள் இருந்தது. குனிந்ததால் வந்ததோ, அவளுடைய கைத்தவறோ, மிச்ச மருந்தின் பழுதோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தக் கிழமை கருவாடு கொண்டு நானாட்டான் சந்தைக்குப் போகவேண்டியிருந்தது. பாலத்தடிச் சென்றியில் இறங்கி வரிசையில் நின்றோம். அக்காவின் அடையாள அட்டையை வாங்கின ஆமிக்காரன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். பிறகு பல்லைக் காட்டினான்.

"அக்கா, எனக்குக் கண் அடிக்கிறது?"

மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவனும் தன் ஒரு கண்ணை மூடித் திறந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற எங்கள் சனத்திலும் ஒன்றிரண்டு பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. இத்தனை வருடச் சண்டையில் அந்தச் சென்றியில் ஒருத்தனும் அவளைப் பார்த்து இளித்தது கிடையாது. அவளுடைய நெற்றியைப் பார்த்தாலே அடங்கிப்போவார்கள். அக்கா மணலைப் பார்த்தபடி அட்டையை வாங்கிக்கொண்டு நடந்தாள். எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊத்தை அப்பின மாதிரி இருந்தது. அவன்களில் மட்டுமா அரியண்டம்? அருவருப்பு என்னில்தான் கூட.

சொன்ன நாளில் அவர் தமக்கையோடு பெண் பார்க்க வந்தார். ஒரு பிஸ்கற் ரின், ஒரு சீப்பு வாழைப்பழம். தலை முன்பக்கம் வெளித்து, கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. நான் முதலே யன்னல் சீலையை இழுத்து மூடி, அக்காவின் இடது பக்கம் சுவருக்கு வருகிற மாதிரிக் கதிரையைப் போட்டிருந்தேன். தேத்தண்ணி குடித்தார். ஊர்ப் புதினம் கதைத்தார். பிறகு எழும்பிப் போய், "சரியான புழுக்கம்" என்று யன்னல் சீலையைத் தள்ளிவிட்டார். வெளிச்சம் நேரே அக்காவின் முகத்தில் விழுந்தது.

"கண்ணுக்கு என்ன நடந்தது?"

"தூசு விழுந்தது" என்று நான் பாய்ந்தேன். "கண்வருத்தம், மருந்து விடுறம்."

"இல்லை" என்றாள் அக்கா. "நெத்திச் சுருக்கம் போக ஊசி குத்தினது. பிழைச்சுப் போச்சு."

அவர் அக்காவின் பக்கம் குனிந்து பார்த்தார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

"ஏன் குத்தினனீங்கள்? முதல் நாள் ரெலிபோனிலையே சொன்னனீங்கள்தானே, அந்தப் படம் பழசு, வயசு நாப்பத்தொண்டு, வாடியில நிண்டு முகம் காஞ்சு நெத்தி சுருங்கிப் போச்சு எண்டு. எனக்கு அது பறவாயில்லை எண்டுதானே வந்தனான்? என்னைப் பாருங்கோ, நான் என்ன குமரனோ?"

தமக்கை என் பக்கம் திரும்பி மேலும் கீழும் பார்த்தா. எங்கே முகத்தை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடைய பொய்யை அக்கா முதல் ஞாயிறே கூண்டுக்குள் நின்று உடைத்திருக்கிறாள். அவ்வளவு நாளும் அந்த மனிசன் தேடிக்கொண்டு வந்தது அவளுடைய உண்மையான முகத்தை. அதைத்தான் நான் நஞ்சு குத்தி இல்லாமல் செய்திருக்கிறேன்.

கலியாணம் குழம்பவில்லை. பாஸ்கு முடிந்து இரண்டாம் கிழமை என்று நாள் வைத்துவிட்டுப் போனார்கள். போகும்போது அவர் அக்காவிடம், "வெளிச்சம் கூசினால் கறுப்புக் கண்ணாடி ஒண்டு வாங்கித் தாறன்" என்றார். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவர்கள் ஏறிப்போன வான் தெருவில் திரும்பினதுதான் தாமதம், நான் குசினிக்குள் பாய்ந்தேன். அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன விசரோ? அவருக்கு எல்லாம் தெரியுமெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே! பிறகேன் அந்தக் கோதாரியைக் குத்த விட்டனீ?"

அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"ரெண்டு மாசமா என்ர நெத்தியைப் பார்க்கிற நேரமெல்லாம் நீ முகத்தைச் சுழிச்சாய். உனக்கே தெரியாமல் சுழிச்சாய். அவருக்கு என்ர முகம் போதும் எண்டு எனக்குத் தெரியும். உனக்குத்தான் அரியண்டமாக் கிடந்தது. உனக்காகத்தான் பிள்ளை குத்தினனான்."

சின்ன வயதிலிருந்து அவள் சொல்லுவது கோபமா, பகிடியா, மன்னிப்பா என்று அவளுடைய நெற்றியைப் பார்த்துத்தான் நான் அறிந்துகொள்வேன். அன்றைக்கும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.